மீதியை உடம்பு பார்த்துக்கொள்ளும்

காபிக்கு முன்னால் வெறும் வயிற்றில் ஒரு ‘பான்’ மாத்திரை போடுவது இன்று பல வீடுகளில் பல் தேய்ப்பதற்கு அடுத்த சடங்காகிவிட்டது. அந்த மாத்திரைக்குள் இருக்கும் பான்டோப்ரசோல், விழுங்கும் நேரத்தில் எதற்கும் உதவாத பொருள். இரைப்பையில் கரைந்துவிடாதபடி மேற்பூச்சு போட்டுக்கொண்டு குடலுக்குப் போகிறது. அங்கே இரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றிவிட்டு, மறுபடி இரைப்பைச் சுவருக்கே வந்து சேர்கிறது. அங்கே அமிலம் சுரக்கும் செல்லின் மடிப்புக்குள் நுழைந்து, அமிலம் பட்ட பிறகுதான் மருந்தாக உருமாறி, அமிலத்தை வெளியே தள்ளும் பம்பைப் பூட்டுகிறது. எந்த அமிலத்தை அடக்கப் போனதோ, அதுவே இந்த மருந்தைத் தயாரித்துக் கொடுத்துவிடுகிறது!

இப்படிப் பாதியில் நிற்கும் மருந்துகள் நம் மாத்திரை டப்பாவில் நிறைய உண்டு. இரத்த அழுத்தத்துக்கான எனலாப்ரில், நடுக்குவாதத்துக்கான லெவோடோப்பா, ஸ்டென்ட் வைத்தவர்கள் போடும் குளோபிடோகிரெல் எல்லாம் இந்த ஜாதிதான். தோப்பில் காயாக ஏற்றி, இறங்கும் ஊரில் பழமாகும் மாம்பழம் மாதிரி. தோப்புக்காரருக்காவது தாம் அனுப்புவது காய் என்று தெரியும். மருந்து விற்றவர்களுக்கு முக்கால்வாசி நேரம் அதுகூடத் தெரிந்திருக்கவில்லை என்பதுதான் இந்தக் கதையின் சுவாரஸ்யம்.

கதையை ஒரு பாதிரியாரிடமிருந்து தொடங்கலாம். இங்கிலாந்தின் சிப்பிங் நார்ட்டனில் இருந்த எட்வர்ட் ஸ்டோன், வில்லோ மரப்பட்டையைக் கடித்துப் பார்த்தார். படுகசப்பு. காய்ச்சலுக்குப் பெரு நாட்டிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்த சின்கோனாப் பட்டையும் இப்படித்தான் கசக்கும்; விலையோ யானை விலை. உள்ளூர்ப் பட்டையும் வேலை செய்யாதா என்று, ரொட்டிக்காரரின் அடுப்பு மேல் மூன்று மாதத்துக்கு மேல் உலர்த்திப் பொடித்து, காய்ச்சல்காரர்கள் 50 பேருக்குக் கொடுத்தார். 1763-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு இதைக் கடிதமாக எழுதினார். சின்கோனாவில் இருக்கும் குயினினுக்கும் வில்லோவில் இருக்கும் பொருளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கசப்பு ஒற்றுமை வெறும் தற்செயல். ஆனாலும் காய்ச்சல் தணிந்தது.

1828-ல் மியூனிக்கில் யோஹான் புக்னர் அந்தப் பட்டையிலிருந்து மஞ்சள் நிறத்தில் ஒரு கசப்புப் பொருளைப் பிரித்து ‘சாலிசின்’ என்றார். பத்தாண்டு கழித்து, பாரிஸில் வேலை பார்த்த இத்தாலியர் ரஃபேல் பிரியா அதை உடைத்து சாலிசிலிக் அமிலமாக மாற்றிக் காட்டினார். அவர் கண்ணாடிக் குடுவையில் செய்ததை நம் குடலும் கல்லீரலும் காலங்காலமாக, எந்தக் குடுவையும் இல்லாமல் செய்துவருகின்றன. சாலிசினுடன் ஒட்டியிருக்கும் சர்க்கரையைக் குடல் பிய்த்துப் போடும். மிச்சத்தைக் கல்லீரல் அமிலமாக்கும். 1876-ல் ஸ்காட்லாந்தின் டண்டி நகர மருத்துவர் தாமஸ் மக்லாகன் மூட்டுவாதக் காய்ச்சலுக்கு சாலிசின் கொடுத்து நல்ல பலன் கண்டார். அதற்குள் ஜெர்மனியில் சாலிசிலிக் அமிலத்தையே தொழிற்சாலையில் மலிவாகச் செய்து தள்ளிவிட்டார்கள். மரம் கொடுத்த பாதி மருந்து போய், இரைப்பையைப் புண்ணாக்கும் முழு மருந்து சந்தையைப் பிடித்தது. அந்தப் புண்ணைக் குறைக்கப் பிறந்ததுதான் ஆஸ்பிரின் என்பது பலரும் அறிந்த கதை.

அடுத்தது ஒரு மருந்துக்கடைத் தவறு. 1886-ல், அப்போது ஜெர்மனியின் கையில் இருந்த ஸ்ட்ராஸ்பூர்க்கில், கான், ஹெப் என்ற இரண்டு இளம் மருத்துவர்கள் குடற்புழு நோயாளி ஒருவருக்கு நாப்தலீன் கொடுத்துவந்தார்கள். ஆம், பீரோவில் போடும் பாச்சா உருண்டைதான். புழு அசையவில்லை, ஆனால் நோயாளியின் காய்ச்சல் திடீரென்று இறங்கியது. பாட்டிலை எடுத்துப் பார்த்தால் நாப்தலீன் வாசனையே இல்லை. கடையில் மாற்றிக் கொடுத்திருந்தது அசிட்டனிலைடு என்ற பொருள், சாயத் தொழிலின் மூலச்சரக்கு. கல்லே நிறுவனம் அதை ‘ஆன்டிஃபெப்ரின்’ என்று விற்க ஆரம்பித்தது. பொருள் பழசு, காப்புரிமை கிடைக்காது. அதனால் பெயரை மட்டும் பதிவு செய்துகொண்டார்கள். டாக்டர் சீட்டில் ‘ஆன்டிஃபெப்ரின்’ என்று எழுதினால் மருந்துக்கடைக்காரர் அதைத்தான் கொடுத்தாக வேண்டும், அதே பொடி பக்கத்து டப்பாவில் வேறு பெயரில் சல்லிசாக இருந்தாலும். பிராண்டு பெயர், மூலப்பெயர் என்று இன்றும் நடக்கும் வழக்கின் முதல் அத்தியாயங்களில் இது ஒன்று.

இதைப் பார்த்துப் பக்கத்துக் கம்பெனி சும்மா இருக்குமா? பேயர் சாயக் கம்பெனியில் கார்ல் டுயிஸ்பெர்க், கொல்லையில் குவிந்திருந்த பாரா-நைட்ரோஃபீனால் கழிவை என்ன செய்வது என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். அதை அசிட்டனிலைடின் சாயலில் திருத்தியதில் ஃபீனாசிட்டின் பிறந்தது. கழிவு மருந்தாகி, சாயக் கம்பெனி மருந்துக் கம்பெனியும் ஆகிவிட்டது. இரண்டு மருந்துகளும் உலகம் முழுக்கத் தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் விற்றன. அசிட்டனிலைடு சாப்பிட்ட சிலருக்கு உதடும் நகமும் நீலம் பூத்தன. பிற்காலத்தில் ஃபீனாசிட்டின் சிறுநீரகத்தைக் கெடுப்பது தெரிந்து நாடு நாடாகத் தடை வந்தது.

இரண்டும் உண்மையில் எப்படி வேலை செய்தன என்பது 1948-ல்தான் வெளிவந்தது. நியூயார்க்கில் பெர்னார்ட் பிராடியும் ஜூலியஸ் ஆக்செல்ராடும், அசிட்டனிலைடு உடம்புக்குள் பெரும்பகுதி வேறொரு பொருளாக மாறுகிறது, வலியைப் போக்குவது அதுதான், நீலம் பூக்க வைப்பது வேறு வழியில் பிரியும் சிறுபகுதி என்று காட்டினார்கள். ஃபீனாசிட்டினும் உள்ளே போய் அதே பொருளாகத்தான் மாறியது. அந்தப் பொருள் பாராசிட்டமால்! 1878-லேயே அமெரிக்காவில் ஹார்மன் மோர்ஸ் அதைத் தயாரித்திருந்தார்; 1893-ல் ஜெர்மனியில் ஃபான் மேரிங் அதை மனிதர்களிடம் சோதித்து, ஃபீனாசிட்டினே மேல் என்று ஒதுக்கிவிட்டார். ஆக, அறுபது வருஷம் உலகம் பாராசிட்டமாலைத்தான் சாப்பிட்டிருக்கிறது. நேராகச் சாப்பிடாமல், இரண்டு தலைவலிகளைச் சுற்றிக்கொண்டு.

தெரிந்தே செய்த பாதி மருந்தும் அதே காலத்தில் வந்தது. ரஷ்யர் புட்லெரோவ் 1859-ல் கண்ட ஹெக்சமினை 1890-களில் சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுத்தார்கள். சிறுநீரின் புளிப்பில் அது உடைந்து ஃபார்மால்டிஹைடை வெளிவிடும். பிரேதத்தைக் கெடாமல் வைக்கும் அதே திரவியம் சிறுநீர்ப்பைக்குள் கிருமியைக் கொல்லும். பட்டாளத்தார் களத்தில் டீ போட எரிக்கும் வெள்ளை வில்லையும் ஹெக்சமின்தான், ஆர்டிஎக்ஸ் வெடிமருந்தின் மூலப்பொருளும் அதுதான். ஆன்டிபயாட்டிக்குகள் வந்ததும் அதை ஓரங்கட்டினார்கள். இப்போது கிருமிகள் ஆன்டிபயாட்டிக்குகளுக்கு மசியாமல் போக, 2022-ல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு, அடிக்கடி சிறுநீர்த் தொற்று வரும் பெண்களுக்கு இந்தப் பழைய சரக்கு தினசரி ஆன்டிபயாட்டிக்குக்குக் குறைந்ததல்ல என்று சொல்லியிருக்கிறது.

இனி சிவப்புச் சாயத்தின் கதை. கொஞ்சம் நின்று சொல்ல வேண்டிய இடம் இது.

முதல் உலகப் போரில் மருத்துவ உதவியாளராக இருந்த கெர்ஹார்ட் டோமாக், காயத்தில் சீழ் பிடித்துச் செத்தவர்களைக் கண்ணால் பார்த்தவர். பிறகு பேயரின் எல்பர்ஃபெல்ட் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே ஜோசப் கிளாரர், ஃபிரிட்ஸ் மீட்ச் என்ற வேதியியலாளர்கள் விதவிதமான சாயங்களைச் செய்து கொடுக்க, டோமாக் ஒவ்வொன்றையும் சுண்டெலியில் சோதித்தார். சாயம் துணியைப் பற்றுவது போலக் கிருமியையும் பற்றிக் கொல்லும் என்பது அந்தக்கால நம்பிக்கை. 1932 டிசம்பரில் ஒரு செங்கல் நிறச் சாயம் அகப்பட்டது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஏற்றிய எலிகளில் சாயம் பெறாதவை சில நாளில் செத்தன. பெற்றவை ஓடித் திரிந்தன. கிறிஸ்துமஸ் அன்றைக்கே காப்புரிமைக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. ‘புரோன்டோசில்’ என்று பெயர். ஆனால் கட்டுரை 1935 பிப்ரவரியில்தான் வெளிவந்தது.

ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. எலியின் உடம்பில் அற்புதம் செய்த சாயம், சோதனைக் குழாயில் கிருமியோடு போட்டால் ஒன்றுமே செய்யவில்லை. கிருமியின் ஒரு மயிரைக்கூடப் பிடுங்கவில்லை என்று நம் பாட்டிமார் சொல்லியிருப்பார்கள். அந்த வருஷக் கடைசியில் டோமாக்கின் மகள் ஹில்டெகார்டின் கையில் ஊசி ஏறி, சீழ் வைத்து, கையை எடுக்க வேண்டும் என்ற நிலை வந்தது. அப்பா புரோன்டோசில் கொடுத்தார். கை தப்பியது. காரணம் மட்டும் புதிராகவே இருந்தது.

அதை அவிழ்த்தவர்கள் பாரிஸில் இருந்தார்கள். பாஸ்டர் நிறுவனத்தில் எர்னெஸ்ட் ஃபூர்னோவின் ஆய்வுக்கூடத்துக்கு ஜெர்மன் மருந்துகளைக் காப்பியடிப்பதில் நல்ல பேர் இருந்தது. தூக்க வியாதிக்கான ‘பேயர் 205’ என்ற ரகசிய மருந்தை அலசி, ‘ஃபூர்னோ 309’ என்று 1924-லேயே வெளியிட்டவர் அவர். பிரான்ஸ் சட்டத்தில் அப்போது மருந்துக்குக் காப்புரிமை கிடையாது. அதனால் இது திருட்டு ஆகாது, கெட்டிக்காரத்தனம்! புரோன்டோசிலும் உடனே பிரான்ஸில் ‘ரூபியசோல்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்துவிட்டது. ஃபூர்னோவின் ஆட்கள், ஜாக் ட்ரெஃபுவேல், தெரேஸ் ட்ரெஃபுவேல் தம்பதி, ஃபெடெரிகோ நிட்டி, டேனியல் போவே, சாயத்தின் மூலக்கூறை அங்கே இங்கே மாற்றி ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். 1935 நவம்பரில் ஒரு நாள் சில எலிகள் மிஞ்சின. சும்மா வைப்பானேன் என்று, சாயத்தைப் பாதியாக உடைத்தால் கிடைக்கும் நிறமற்ற துண்டான சல்ஃபனிலமைடை அவற்றுக்குக் கொடுத்தார்கள். எலிகள் பிழைத்தன. அந்தத் துண்டு சோதனைக் குழாயிலும் கிருமியை அடக்கியது.

சிவப்புக்கும் மருந்துக்கும் சம்பந்தமே இல்லை என்று தெரிந்துபோயிற்று. சாயத்தின் நடுவில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் கைகோத்திருக்கும் இணைப்பை உடம்பு வெட்டிவிடுகிறது. ஒரு பாதி வேலை செய்கிறது, இன்னொரு பாதிக்கு இதில் வேலையே இல்லை. பேயருக்கு இதைவிட மோசமான சேதி இருக்க முடியாது. சல்ஃபனிலமைடை வியன்னாவில் பால் கெல்மோ என்ற மாணவர் 1908-லேயே முனைவர் பட்டத்துக்காகச் செய்திருந்தார். அதன் மீதான பழைய காப்புரிமை காலாவதியாகியிருந்தது. யார் வேண்டுமானாலும் செய்யலாம், விற்கலாம்.

செய்தார்கள், விற்றார்கள். லண்டனில் லியோனார்ட் கோல்புரூக் பிரசவக் காய்ச்சலுக்குப் புரோன்டோசில் கொடுத்துத் தாய்மார்களைக் காப்பாற்றிக் காட்டினார். 1936 டிசம்பரில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் மகன் தொண்டைத் தொற்றிலிருந்து இதே வகை மருந்தால் பிழைத்த செய்தி பத்திரிகைகளில் வந்தது. அதன்பின் சல்ஃபா மாத்திரை செய்யாத கம்பெனி இல்லை. டென்னசியில் ஒரு கம்பெனி, குழந்தைகளுக்குச் சிரப்பாகக் கொடுத்தால் நன்றாக ஓடும் என்று கணக்குப் போட்டது. சல்ஃபனிலமைடு தண்ணீரில் லேசில் கரையாது. அவர்களுடைய வேதியியலாளர் டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்து, ராஸ்பெர்ரி வாசனை சேர்த்தார். சோதனை? அப்போது சட்டம் கேட்கவில்லை. 1937-ல் நூற்றுக்கும் மேற்பட்டோர் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள், நிறைய பேர் குழந்தைகள். ‘எலிக்சிர்’ என்ற பெயரில் விற்றால் அதில் ஆல்கஹால் இருக்க வேண்டும், இதில் இல்லை என்ற பெயர்ப் பிழைக்குத்தான் கம்பெனி மீது வழக்குப் போட முடிந்தது. விற்பதற்கு முன்பே பாதுகாப்பை நிரூபிக்கச் சொல்லும் அமெரிக்கச் சட்டம் 1938-ல் வந்தது இதனால்தான். அதே டைஎத்திலீன் கிளைக்கால் 1973-ல் சென்னையில் 14 குழந்தைகளைக் கொன்றது. 2025-ல், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் சிரப்பில் புகுந்து மத்தியப் பிரதேசத்தில் 20-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் கொன்றது. சட்டம் வந்து எண்பத்தேழு வருஷமாகியும் அந்த விஷத்துக்குக் கதவு திறந்துதான் கிடக்கிறது.

டோமாக்குக்கு 1939-ல் நோபல் அறிவித்தார்கள். ஹிட்லர் அரசு ஜெர்மானியர் அதை வாங்கக்கூடாது என்று தடை போட்டிருந்ததால் கெஸ்டாபோ அவரைப் பிடித்து வைத்து, வேண்டாம் என்று எழுத வைத்தது. 1947-ல் பதக்கம் வந்தது. காலம் கடந்துவிட்டதால் பணம் வரவில்லை.

ஸ்வீடனில் நான்னா ஸ்வார்ட்ஸ் என்ற மருத்துவர் இரண்டு கதைகளையும் முடிச்சுப் போட்டார். மூட்டுவாதம் கிருமியால் வருகிறது என்று அன்று ஒரு கருத்து உண்டு. அப்படியானால் கிருமிக்கு சல்ஃபா, வலிக்கு வில்லோ வழி வந்த சாலிசிலேட் இரண்டையும் ஒரே மூலக்கூறாக்கினால் என்ன? பார்மசியா நிறுவனத்தோடு சேர்ந்து, புரோன்டோசிலில் இருந்த அதே நைட்ரஜன் இணைப்பால் இரண்டையும் கட்டினார். அதுதான் சல்ஃபாசலாசின். மூட்டைவிடப் பெருங்குடல் புண்ணுக்கு அது இன்னும் நன்றாகக் கேட்டது. அந்த முடிச்சை அவிழ்ப்பவை பெருங்குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள். மேலே எங்கும் அவிழாமல், தேவையான இடத்தில் போய்த்தான் மருந்து கொட்டுகிறது. குடலில் வேலை செய்யும் பாதி எது என்பதை 1977-ல் ஆக்ஸ்ஃபோர்டில் கண்டு சொன்ன குழுவில் முதல் பெயர், பின்னாளில் வங்கதேசத்தின் தேசியப் பேராசிரியரான ஆசாத் கானுடையது. விடை, சாலிசிலேட் பாதி. நாற்பது வருஷமாக நோயாளிகள் தலைவலி, குமட்டலோடு சுமந்த சல்ஃபா பாதி, குடலைப் பொறுத்தவரை வெறும் வண்டிக்காரன்.

லெவோடோப்பாவின் பாதை இன்னும் கோணல். 1913-ல் ஹோஃப்மன்-லா ரோஷ் கம்பெனியின் மார்கஸ் குகன்ஹைம், முதலாளியின் தோட்டத்தில் விளைந்த ஐரோப்பிய அவரையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தார். தானே இரண்டரை கிராம் விழுங்கிப் பார்த்தார்; வாந்தி எடுத்ததுதான் மிச்சம். 1937-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமோதரனும் ராமசாமியும் அதே பொருளைப் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்து எழுதினார்கள். தொட்டால் அரிக்கும் சுணையுள்ள அதே பூனைக்காலிதான். அதை வைத்து என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

திறவுகோல் இன்னொரு இந்தியச் செடியில் இருந்தது. சர்ப்பகந்தி வேரை இரத்த அழுத்தத்துக்குக் கொடுத்துப் பார்த்த பம்பாய் மருத்துவர் ருஸ்தம் வகீல் 1949-ல் பிரிட்டிஷ் இதழில் எழுத, மேலைநாடுகளின் கண் அதன்மேல் விழுந்தது. சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி 1952-ல் அதிலிருந்து ரெசர்பினைப் பிரித்தது. ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார். காது தொங்கி, அசையாமல் கிடந்தன. பிறகு டோப்பா ஊசி போட்டார். சற்று நேரத்தில் எழுந்து ஓடின. மூளைக்கு வேண்டியது டோப்பமின், அதை நேராகக் கொடுத்தால் இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள தடுப்பு உள்ளே விடாது. டோப்பாவைப் புரதத் துணுக்கு என்று நினைத்து உள்ளே விட்டுவிடும். உள்ளே போனதும் அது டோப்பமின் ஆகிவிடும். 1961-ல் வியன்னாவில் நடுக்குவாத நோயாளிகளுக்கு ஊசியாகப் போட்டார்கள். 1967-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ் வாய்வழியாகச் சிறு அளவில் தொடங்கி மெல்ல மெல்ல ஏற்றி, குகன்ஹைமைக் கவிழ்த்த வாந்தியைத் தாண்டிப் போனார். வழியிலேயே டோப்பமினாக மாறி வீணாகாமல் இருக்க கார்பிடோப்பாவைக் கூடவே அனுப்பும் ஏற்பாடு பிறகு வந்தது. இதற்கிடையே 1958-ல் ஆஸ்திரேலியர் ஏட்ரியன் ஆல்பர்ட் இந்த ஜாதிக்கே ‘புரோட்ரக்’ என்று பெயர் வைத்திருந்தார்.

சென்னைக்கு இந்தக் கதையில் இன்னொரு பங்கு உண்டு. காசநோய்க்கான ஐசோநியாசிடை 1952-ல் மூன்று கம்பெனிகள் ஒரே சமயத்தில் கண்டுபிடித்து முட்டிக்கொண்டன. ஒன்றில் நம் டோமாக் இருந்தார். பொருளோ 1912-ல் பிராகில் இரண்டு வேதியியலாளர்கள் செய்து வைத்தது. மறுபடியும் யாருக்கும் காப்புரிமை இல்லை, அதனால் மலிவு. அந்த மலிவை நம்பித்தான் 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் ஆய்வு மையம் திறந்து, பாதி நோயாளிகளை சானடோரியத்திலும் பாதிப்பேரை அவரவர் வீட்டிலும் வைத்து ஐசோநியாசிட் கூட்டு மருந்து கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள், குடும்பத்தாருக்கும் கூடுதலாகத் தொற்றவில்லை என்று 1959-ல் அறிக்கை வந்தது. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட அது ஒரு முக்கியக் காரணம். தாம்பரத்தில் ரயில் நிலையப் பெயராக அந்தச் சொல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1992-ல் தெரிந்த வேடிக்கை என்னவென்றால், ஐசோநியாசிடை விழிக்க வைப்பது நம் உடம்பல்ல, காசநோய்க் கிருமியேதான். அதன் கேட்-ஜி நொதி தன் சாவைத் தானே தயாரித்துக்கொள்கிறது. அந்த நொதியைத் தொலைத்துவிட்ட கிருமியிடம் மருந்து தூங்கிக்கொண்டே இருக்கும். மருந்துக்கு மசியாத காசநோயில் ஒரு பகுதி இப்படி வருவதுதான்.

நம் உடம்பும் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஒத்துழைப்பதில்லை. குளோபிடோகிரெல்லில் உள்ளே போவதில் சுமார் 85 சதவீதத்தை உடம்பிலுள்ள வேறு நொதிகள் வீணாக்கிவிடும். மிஞ்சியதைக் கல்லீரல் இரண்டு படியில் மருந்தாக்க வேண்டும். அதில் முக்கியமான கை சிஒய்பி2சி19 என்ற நொதி. பிறவியிலேயே அது மந்தமாக உள்ளவர்களுக்கு மாத்திரை சரியாக வேலை செய்யாது. 2010-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அட்டையில் கட்டம் கட்டி எச்சரிக்கை போடச் சொன்னது. ஆசிய, பசிபிக் தீவு மக்கள் நிறைந்த ஹவாய் மாநிலம், இது தெரிந்தும் சொல்லவில்லை என்று கம்பெனிகள் மீது வழக்குப் போட்டு, 2024-ல் 91.6 கோடி டாலர் அபராதத் தீர்ப்பு வாங்கியது. பிரிட்டனில் வாழும் வங்கதேச, பாகிஸ்தான் வம்சாவளியினரை ஆராய்ந்தபோது, பாதிக்கும் மேற்பட்டோரிடம் மந்தமான மரபணுவின் ஒரு பிரதியாவது இருந்தது. இருந்தும் நம் ஊரில் ஸ்டென்ட் வைத்தவரிடம் இந்த மரபணுவுக்கான பரிசோதனையைப் பற்றி யாரும் பேச்செடுப்பது அபூர்வம். மாற்று இல்லாமல் இல்லை: டிகாக்ரிலர் கல்லீரலை எதிர்பார்க்காமல் தயாராகவே வரும். ஒரு வேளைக்குப் பதில் இரண்டு வேளை போட வேண்டும், சிலருக்கு மூச்சு வாங்கும்.